ஷ்வே வாவின் கத்தலும் மூன்று வீண் நடையும்

இரவு இரண்டு மணிக்கு ஆறாவது மாடியில் ஒரு பூனை அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினால் ரங்கூனின் குறுகலான தெருவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரியும் என்பது எனக்குத் தெரியும். மின்சாரம் இருந்தால் பதினொன்று. இல்லாத இரவுகளில் கைபேசி வெளிச்சம்தான், அதை நேராக எங்கள் பால்கனிக்கே அடிப்பார்கள்.

ஷ்வே வா மஞ்சள் பூனை. மஞ்சள் பூனை என்றாலே இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் பெயர் அது. பன்னிரண்டு வயது. ஒரு வயதிலேயே கருத்தடை செய்தாகிவிட்டது, வீட்டைத் தாண்டிப் போனதில்லை. 2025 மார்ச் தொடக்கத்தில் கத்த ஆரம்பித்தான். வழக்கமான "மியாவ்" இல்லை. நீளமாக, கேள்வி கேட்பது போல் முடியும் ஓர் ஓலம்.

அந்த மாதம் 28ஆம் தேதி சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியது, எங்கள் கட்டடமும் அசைந்தது. அதன் பிறகு பூனையின் கத்தலுக்கு ஊரே பொருள் சொல்லத் தொடங்கியது. அடுத்ததும் வரப்போகிறது, அதைத்தான் சொல்கிறான் என்றார் நான்காவது மாடி அக்கா. உண்மையில் அன்று மதியம் அவன் அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி இறங்கி ஓடியவள் நான். அவனுக்கு ஒரு முன்னறிவும் கிடையாது.

பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார்கள், போட்டேன். பழம் போனதோடு சரி. கீழ்வீட்டு பர்மியப் பாட்டி, துணை தேடுகிறான் என்றார். கருத்தடை செய்த பூனை என்றதும், "மனசுக்குச் செய்யவில்லையே" என்று சிரித்தார். இதெல்லாம் போகட்டும். ஒருவர் மட்டும் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தால் வலி போய்த் தூங்குவான் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், சிறு துண்டே கொன்றுவிடும்.

முதல் நடை. மூங்கில் கூடையில் துணி விரித்து, மூடி கட்டி, லிஃப்ட் இல்லாத செங்குத்துப் படிகளில் இறக்கினேன். கூடையைப் பார்த்ததும் இரண்டு டாக்சிகள் நிற்காமலே போய்விட்டன. மருத்துவமனை முன்மேசையில் இருந்த பையன் தலை நிமிராமல் கேட்டான்: "தடுப்பூசிப் புத்தகம்?"

"தேடினேன், கிடைக்கவில்லை. பூனை நோயாளியாக இருக்கிறதே தம்பி."

"புத்தகம் இல்லாமல் பதிவு இல்லை."

அப்போது கூடைக்குள் ஷ்வே வா மூச்சு விடவில்லை. "கத்துகிறது என்றீர்களே, சும்மாதானே இருக்கிறது?" என்றான் பையன். வந்த வழியே திரும்பினேன்.

புத்தகம் எங்கே இருந்தது தெரியுமா? குடும்பப் பதிவுப் பட்டியல் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். அவனையும் குடும்பத்தில் ஒருவனாக நினைத்து நானேதான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இரண்டாம் நடைக்கு நான்தான் பொறுப்பு. புத்தகம் கிடைத்த மகிழ்ச்சியில் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் திருவிழா விடுமுறை, கதவில் தாள் ஒட்டியிருந்தது. திரும்பும் வழியில் ஒரு சிறுவன் வாளித் தண்ணீரைக் கூடை மேலேயே ஊற்றினான். அன்று இரவு கத்தியது குளிராலா கோபத்தாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து மூன்றாம் நடை. இம்முறை டாக்டரைப் பார்த்துவிட்டேன். இளைஞர், அவசரம். மின்தடையில் மேசைத் தராசு அணைந்து கிடந்தது, எடை பார்க்கவில்லை. "நன்றாகச் சாப்பிடுகிறதா?" என்றார். "முன்னைவிட இரு மடங்கு" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியானால் வயதுதான்" என்று ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் பெருமைதான் என்னை ஏமாற்றியது.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தெரு மீன்காரம்மா. கூடையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தினமும் இவனுக்காக இவ்வளவு மீன் வாங்குகிறீர்கள், உள்ளே ஒன்றுமே இல்லையே" என்றார். தன் தராசிலேயே வைத்தார். கூடையைக் கழித்தால் ஒன்றே முக்கால் வீசை. இங்கே மீன் இன்றும் வீசைக் கணக்குத்தான், ஒரு வீசை 1.63 கிலோ. மாடி ஏறியதும் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் 4.1 கிலோ. இப்போது மூன்று கிலோகூட இல்லை. பையன் புத்தகம் கேட்டது சரிதான், ஆனால் அதைத் திறந்து பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் ஓலத்தைப் பதிவு செய்தேன். எத்தனை முறை சாப்பாடு, எத்தனை கிண்ணம் தண்ணீர், எத்தனை வாந்தி என்று மூன்று நாள் எழுதி வைத்தேன். மறுபடி அதே மருத்துவமனைக்குப் போக மனம் வரவில்லை, தாம்வே பக்கம் வேறொரு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா பூனையைத் தொடும் முன்பே வீடியோவை முழுதாகப் பார்த்தார். பிறகு தாடையை உயர்த்தி, தொண்டையின் இருபுறமும் இரண்டு விரலால் மெல்ல வருடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "தொட்டுப் பாருங்கள்" என்று என் விரலையும் அங்கே வைத்தார். பயறு அளவில் ஏதோ ஒன்று நழுவியது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 240க்கு மேல்.

தைராய்டு. அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு அணையாத அடுப்பாகிவிடும், எவ்வளவு விறகு போட்டாலும் சாம்பல்தான். பசி எடுக்கும், இளைக்கும், இருப்புக்கொள்ளாது, இரவில் கத்தும். பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு இது அடிக்கடி வருமாம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம் என்றும் டாக்டர் சொன்னார். குட்டி தாயை அழைக்கும் குரலை மனிதர்களிடம்தான் கடைசிவரை வைத்திருக்கிறதாம். அதைக் கேட்டதும் எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது, வெட்கமாகப் போய்விட்டது.

இருந்தாலும் ஊகத்தில் மருந்து தர மாட்டேன் என்றார். சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், காது மந்தம், மூட்டு வலி, முதுமை மறதி எதுவானாலும் கிழப் பூனை இரவில் கத்தும். உயர் ரத்த அழுத்தத்தில் திடீரென்று கண்ணே போய்விடலாமாம். கருத்தடை செய்யாத பெண் பூனையின் கத்தல் தனிக்கதை. ஆண் பூனை மண்தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் கத்தினால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அது உயிர் போகிற விஷயம்.

ரத்தப் பரிசோதனையும் ஒரே முறையில் முடியவில்லை. முதல் மாதிரி மின்தடையில் கெட்டுவிட்டது என்று இரண்டாம் முறை அழைத்தார்கள். நான் கத்தவில்லை, ஷ்வே வா கத்தினான். முதன்முறையாக மருத்துவமனையில் வாயைத் திறந்தான்.

தைராய்டு அளவு எகிறியிருந்தது, சிறுநீரகம் பரவாயில்லை. மனிதர்களுக்குத் தரும் அதே வகை மாத்திரைதான், கார்பிமசோல். கடையில் கிடைக்கிறது என்று நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. சில பூனைகளுக்கு ரத்த அணுக்களைக் கெடுக்கும், மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறும் வெளியே வரலாம், அதனால்தான் சில வாரங்களில் மறுபரிசோதனை. கர்ப்பிணிகள் மாத்திரையைத் தொடக்கூடாது என்றதால் மருமகளிடமிருந்து அந்த வேலை எனக்கு மாறிவிட்டது. முதல் வாரம் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் சுத்தமாக வைத்துவிட்டுப் போனான். மீன் உருண்டை மூன்று செய்து, நடுவில் வருவதில் மாத்திரை, மூன்றாவதை மூக்கெதிரே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தால் அவசரத்தில் விழுங்கிவிடுகிறான்.

மூன்றாம் வாரம் ஓர் இரவு நான் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன். சத்தமே இல்லை. பயந்துபோய் டார்ச் அடித்துத் தேடினால் அரிசி மூட்டை மேல் சுருண்டு கிடந்தான், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

இப்போது இரண்டு வீசையைத் தாண்டிவிட்டான். மீன்காரம்மா தராசுக்குக் காசு வாங்குவதில்லை. காலையில் அவர் கீழிருந்து குரல் கொடுத்ததும் மீன் பையைக் கயிற்றில் மாட்டி மேலே இழுக்கிறோமே, அந்த நேரத்தில் மட்டும் கத்துகிறான். தடுப்பூசிப் புத்தகம் பால்கனிக் கயிற்றுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மறுபரிசோதனைக்குப் போன அன்று முன்மேசைப் பெண் வாயைத் திறக்கும் முன்பே அதை மேசை மேல் வைத்தேன். "இது தேவையில்லையே அம்மா" என்றாள்.