பெரியப்பாவும் பூக்கோவாவும்

ஞாயிறு மத்தியானம் பெரியப்பா திரும்பவும் துலைஞ்சிட்டார். கையில ஒடியல் கூழ்ச் சட்டி வேற. நெதர்லாந்தின்ர லெலிஸ்டாட்டில சின்னக்கா வீடு பஸ் தரிப்பிடத்திலயிருந்து ஆறு நிமிச நடை. அவருக்கு ஒண்டே கால் மணித்தியாலம். தெருப்பேர் கர்வேல். போர்த்துக்கேயர் கடல் கடந்த அதே கப்பல். அவங்கள் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடிச்சவங்கள், இவருக்குச் சின்னக்கா வீடு அம்பிடேல்லை.

அந்தப் பேருக்குப் பிறகு ரெண்டு எண் வரும்: முதலாவது சந்து, ரெண்டாவது வீடு. மாத்தி வாசிச்சா வேறொருத்தன்ர வாசல்.

இப்பிடியான 1970கள், 80களின் குடியிருப்புக்கு டச்சில ‘ப்ளூம்கோல்வைக்’ எண்டு பேர், பூக்கோவாக் குடியிருப்பு. டச்சுக் கூட்டுச்சொல்லை வாலிலயிருந்து பிரிக்கோணும். கடைசித் துண்டுதான் தலை. ‘வைக்’ குடியிருப்புப் பகுதி, லத்தீன் ‘வீக்குஸ்’ வழி வந்தது. விலகிப் போறதுக்கும் ‘வைக்கன்’ எண்டு ஒரு வினை இருக்கு. அதுக்கும் இதுக்கும் உறவில்லை. பெரியப்பா ரெண்டையும் முடிச்சுப் போட்டு, “விலகிப் போ எண்டு பேரிலயே இருக்கு, நான் என்ன செய்ய?” எண்டார். ‘ப்ளூம்’ பூ. கடையில அதே சொல் கோதுமை மா. ‘ஓ’ ரெண்டு வந்தா நெடில் ஓகாரம், அதால ‘கோல்’. பெரியப்பா இங்கிலீஸ் கணக்கில ‘கூல்’ எண்டு வாசிச்சு, சட்டியைப் பாத்து, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறன் எண்டு நினைச்சாராம்.

மேலயிருந்து பாத்தா உண்மையா பூக்கோவாதான். தண்டு பெரிய றோட்டு, கிளை சின்ன றோட்டு, பூமொட்டு முட்டுச்சந்து. அந்தச் சந்துகள் கனக்க ‘வோன்எர்ஃப்’: வாகனம் நடைவேகத்தில, நடக்கிற ஆளுக்கு முழு வீதியும். 1976இல சட்டமாச்சு. கோளாறு என்னெண்டா, கார் முட்டி நிக்கிற இடத்தில நடைபாதை முட்டாது. பத்தைக்குள்ளால போய் அடுத்த மொட்டின்ர முதுகில ஏறும். எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கூரைச் சாய்வு. பிழைச்சா குறுக்கால வெட்டாமல் தண்டுக்குத் திரும்பி வந்து திரும்ப எண்ணோணும். பெரியப்பா திரும்பி நடக்கிற சாதியில்லை.

‘கோல்’ லத்தீன் ‘கௌலிஸ்’, தண்டு. அதே சொல் போர்த்துக்கேயத்தில ‘கோவ்’ ஆகி, கப்பலேறி எங்கட சந்தையில கோவாவாச்சு. இதைச் சொன்னதும் மனுசன் கொஞ்ச நேரம் பேசேல்லை.

“அப்ப கூழ் மட்டும்தான் எங்கடை?”

“ஓம் பெரியப்பா.”

“ஆறிப்போச்சு. சூடாக்கு.”