அறுத்துப் புதைத்த ஏர்த் கம்பி

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு த்ரீ பேஸ், அதாவது மூன்று லைனாகப் பிரிந்து வருகிற கரண்ட், வந்து இன்றோடு பத்து நாள். ஆனியில் தொடங்கிய வேலை ஐப்பசியில்தான் முடிந்தது. அலைச்சலும் காசும் மட்டும்தான் போனதென்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அம்மா ஈரக் கையோடு தொடுகிற வாஷிங் மெஷினுக்கு ஏர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, என்று சொல்லி, ஒன்றரை அடிக் கம்பியைப் புதைத்துவிட்டு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் வந்தது மணம். ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், வீட்டில் மச்சம் காய்ச்சாத நாள், விறாந்தையில் மீன் கருகின மாதிரி மணந்தது. அம்மா பக்கத்து வீடு என்று நினைத்தா. நான் மணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது மெயின் போர்ட்டில் போய் நின்றது. சில வகைப் பிளாஸ்டிக், பேக்கலைட் சூடாகிக் கருகும்போது மீன் மணம்தான் வரும். மீன் இல்லாத வீட்டில் மீன் மணந்தால் அடுப்படியைப் பார்க்காதீர்கள், போர்ட்டைப் பாருங்கள்.

மெயினை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். கரண்ட் திரும்பிப் போகிற வயர்கள் எல்லாம் சேருகிற நியூட்ரல் பாரில் ஒரு திருகாணி விரலாலேயே சுழன்றது. அதற்குள் போன கறுப்பு வயர் ஒரு பெருவிரல் நீளத்துக்கு மண்ணிறமாகி, நகத்தால் தொட்டதும் அப்பளம் மாதிரி உடைந்து கொட்டியது. பக்கத்துத் திருகாணிகளில் பச்சைக் களிம்பு. அந்த போர்ட் மேற்குச் சுவரில், தகரப் பத்திக்குக் கீழே இருந்தது. சித்திரையிலிருந்து ஆவணி வரை பின்னேர வெயில் நேராக அதில்தான் அடிக்கும்.

அதற்கு முன்னமே மாலையில் 32 அம்பியர் மெயின் பிரேக்கர், கரண்ட் கூடினால் தானாக நிற்கிற சுவிச், அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. கிளாம்ப் மீற்றர் வைத்துப் பார்த்தால் 24 அம்பியர்தான் ஓடும். முதலில் வந்த எலக்ரீசியன், "பிரேக்கர் பழசு அண்ணை, 40 ஒண்டு போட்டுவிட்டால் விழாது" என்றார். கட்டாரில் பத்து வருஷமாக வயரிங் வேலை செய்கிற என் மச்சானுக்குப் போன் எடுத்தேன். அவர் கத்தாத குறை. "மச்சான், பிரேக்கரிலை எழுதியிருக்கிற அம்பியர் 30 பாகைச் சூட்டுக்குப் போட்ட கணக்கு. பெட்டிக்குள்ளை 50 பாகை ஏறினால் அது முந்தியே விழும். இஞ்சை கோடையிலை வெளியிலை 45 பாகை. அதாலைதான் நாங்கள் கொம்பனி தாற சூட்டு அட்டவணையைப் பாத்துத்தான் பிரேக்கர் தெரியிறது. பெரிசாப் போட்டியெண்டால் பிரேக்கர் விழாது, சுவருக்குள்ளை வயர்தான் எரியும்."

யாழ்ப்பாணம் பாலைவனம் இல்லைத்தான். ஆனால் தகரத்துக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் பின்னேரம் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதோடு இளகின திருகாணியின் சூடு வயர் வழியாகப் பிரேக்கருக்கும் ஏறும். எங்கள் பிரேக்கர் பழுதே இல்லை. அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

அக்கா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தா. இரண்டு அறைக்கு ஏசி போட வேண்டும். சிங்கிள் பேஸ் 30 அம்பியர் என்றால் 230 வோல்ற்றில் 6,900 வாற்ஸ். இரண்டு ஏசி, கேத்தில், அயன், கிணற்று மோட்டர், ரைஸ் குக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 7,000 தாண்டும். ஆகவே த்ரீ பேஸ் 30 அம்பியருக்கு மாறுவது, போர்ட்டை முழுதாகப் புதிதாக்கி உள்ளே கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம்.

மின்சாரக் கந்தோரில் முதல் நாள், கடைசி பில்லும் அடையாள அட்டையும் போதும் என்றார்கள். இரண்டாம் நாள் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், கேட்டார்கள். உறுதியைக் கொண்டுபோன மூன்றாம் நாள் கவுண்டரில் இருந்தவர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உறுதி அம்மான்ரை பேரிலை, பில் அப்பான்ரை பேரிலை, விண்ணப்பம் உங்கடை பேரிலை. நாங்கள் ஆருக்குக் கரண்ட் குடுக்கிறது?"

யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டுக்கு இந்தச் சிக்கல் இருக்கும். வீடு அம்மாவின் சீதனம். கரண்ட் எடுத்தபோது அப்பா தன் பேரில் எடுத்தார். அப்பா இறந்து ஒன்பது வருஷமாகியும் பில் அவர் பேரில்தான் வந்துகொண்டிருந்தது, நாங்களும் கட்டிக்கொண்டிருந்தோம். அதோடு நிற்கவில்லை. சீதன உறுதியில் அம்மாவின் பேருக்கு முன்னால் அம்மப்பாவின் முதலெழுத்து. அடையாள அட்டையில் அப்பாவின் பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டக் கலியாண எழுத்துப் பத்திரம் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது உறுதிகளை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா. கலியாண எழுத்துப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது.

இதையெல்லாம் முதல் நாளே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்திருந்தால் எனக்கு மூன்று அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும். நீங்கள் போனால் கவுண்டரை விட்டு விலக முதல், "என்னென்ன தாள் வேணும், எழுதித் தாங்கோ" என்று கேட்டு வாங்குங்கள். தங்கள் கையால் எழுதின தாளுக்கு அடுத்த முறை மதிப்பு இருக்கும். விண்ணப்பத்தையும் உறுதி யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரிலேயே போடுங்கள். நான் என் பேரை எடுத்துவிட்டு அம்மாவையே விண்ணப்பதாரி ஆக்கினேன். மரண அத்தாட்சி, கிராம அலுவலரான விதானையாரின் கடிதம், அக்காவிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் எடுத்த கலியாணப் பதிவின் நகல். நகல் கிடைத்தது சுலபம். பதிவு நடந்த வருஷமும் இடமும் அம்மாவுக்குத் தெளிவாக நினைவிருந்தது. பெயர் மாற்றம் முடிய ஆடி முடிந்துவிட்டது. திருவிழாவுக்கு வந்த அக்காவும் பிள்ளைகளும் மின்விசிறியோடுதான் படுத்தார்கள்.

இனி ஏர்த்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் லைன் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பேஸும் நியூட்ரலும்தான். ஏர்த் வராது. அதை வீட்டுக்காரரே தன் வளவு மண்ணில் இறக்க வேண்டும். ஆகவே ஒரு மெஷினின் தகட்டில் கரண்ட் பாய்ந்தால் உங்களைக் காப்பது இரண்டே இரண்டு: மண்ணுக்குள் நிற்கிற அந்தக் கம்பி, கரண்ட் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடுகிற, போர்ட்டில் இருக்கிற ட்ரிப் சுவிச்.

வலிகாமத்தில் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும். மேலே செம்பாட்டு மண், கொஞ்சம் இறங்கினதும் சுண்ணாம்புக் கல். நாலடிக் கம்பியை நினைத்த இடத்தில் அடித்து இறக்க முடியாது. முதலில் வந்த அந்த எலக்ரீசியன் மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில், தனக்கு வசதியான இடத்தில் அடித்தார். நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் கிளாம்ப் போட்டுச் சீமெந்துக் கட்டும் கட்டி வடிவாகத்தான் இருந்தது.

சோதனை அறிக்கைக்காக வேறொருவரைக் கூட்டி வந்தேன். ஓய்வுபெற்ற ஆள், ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு சின்ன முளையைத் தள்ளித் தள்ளிக் குத்தி ஏர்த் மீற்றரைப் போட்டார். 340 ஓம். இது குறையக் குறையத்தான் ஏர்த் நல்லது. திரும்பப் போட்டார், அதே 340. ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியைக் கேட்டார். சீமெந்தை உடைத்து இரண்டு கொத்துக் கொத்திவிட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்தது. ஒன்றரை அடி. மேல் முனையில் வாளால் அறுத்த வட்டம் புதுச் செம்பாகப் பளபளத்தது, நடுவில் இரும்பு சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. கல்லில் இடித்ததும் மிச்சத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மாஸ்டர் கம்பியை என் கையில் தந்து கணக்குச் சொன்னார். "230 ஐ 340 ஆலை பிரியுங்கோ. ஒரு அம்பியர்கூட வராது. மெஷின்ரை தகட்டிலை கரண்ட் நிண்டாலும் உந்தப் பிரேக்கர் விடியும்வரைக்கும் விழாது. ட்ரிப் சுவிச் இறுகிப்போச்செண்டால் பிறகு அம்மாதான் ஏர்த்." அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டு நின்றா. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் ஆளுக்குப் போன் எடுத்தேன். "எல்லாரும் அப்பிடித்தான் அண்ணை செய்யிறது. அளக்க முதல் உப்புத் தண்ணி ரெண்டு வாளி ஊத்துங்கோ, ஓம் இறங்கும்" என்றார். இறங்கும்தான், கொஞ்ச நாளைக்கு. பிறகு காய்ந்து பழைய இடத்துக்கே வரும், உப்பு கிளாம்பையும் அரித்துவிடும். இதை உங்களுக்கு யார் சொன்னாலும் அவரை அந்த இடத்திலேயே நிற்பாட்டி அனுப்பிவிடுங்கள்.

மாஸ்டர் வளவெல்லாம் நடந்து பார்த்துக் கிணற்றடியில் நின்றார். தோய்க்கிற கல்லிலிருந்து தண்ணி ஓடிப்போகிற வாய்க்கால், அதன் முடிவில் வாழைப்பாத்தி. வருஷம் முழுக்க ஈரம் காயாத இடம் அதுதான். முதல் கம்பி முழுதாக இறங்கியது. இரண்டாவது இரண்டடியில் கல்லில் முட்டியது. பிடுங்கி ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த நீளம், தள்ளி அடித்தோம், இறங்கியது. மூன்றாவதைச் சரித்து அடித்தோம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் குறைந்தது ஒரு கம்பி நீளமாவது விட வேண்டும், நெருக்கி அடித்தால் பெரிய பலன் இல்லை. மூன்றையும் செம்புக் கம்பியால் இணைத்து அளந்தபோது 28 ஓம். ஆவணி வெயில், மழை கண்டு எத்தனையோ நாள். மாஸ்டர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். 200 ஓமுக்கு மேலே போனால் அந்த ஏர்த் நிலையாக நிற்குமென்று நம்பேலாது, எங்களுக்கு நல்லாய்க் கீழே வந்திட்டுது என்றார்.

ட்ரிப் சுவிச் இருந்தாலும் ஏர்த் வேண்டும், ஏர்த் இருந்தாலும் ட்ரிப் சுவிச் வேண்டும். 28 ஓமிலும் ஓடுவது எட்டு அம்பியர் சொச்சம்தான், பெரிய பிரேக்கர் அதற்கு விழாது. ஆகவே ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். நாங்கள் பூரணை நாளில் அமத்துகிறோம், மறக்காது.

போர்ட் விஷயத்தில் மச்சானும் மாஸ்டரும் ஒரே வாயாகச் சொன்னதைச் செய்தோம். மேற்குச் சுவரை விட்டு உள்ளே நடைபாதைச் சுவருக்கு, வெயில் படாத பக்கம். பெரிய பெட்டி எடுத்து, ஏசி பிரேக்கர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வெறுமையாக விட்டோம். ஒட்டி நின்றால் ஒன்றின் சூடு மற்றதற்கு ஏறும். ஏசிக்கும் மோட்டருக்கும் சி வகைப் பிரேக்கர், தொடங்கும்போது இழுக்கிற கரண்டுக்கு உடனே விழாது. ஏசிக்கு 7/0.85 வயர், அதாவது 0.85 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது, பிளக் பொயின்ருகளுக்கு 7/0.67. வயர் துளைகள் எல்லாவற்றையும் அடைத்தோம். பழைய பெட்டிக்குள் பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் இருந்தன.

முதல் ஆள் கீறின வயரிங் படத்தில் இரண்டு ஏசியும் மோட்டரும் ஒரே பேஸில் இருந்தன. அப்படி என்றால் த்ரீ பேஸ் எடுத்தும் சிங்கிள் பேஸ்தான். மாஸ்டர் ஒரு ஏசியைச் சிவப்பு பேஸிலும் மற்றதை மஞ்சளிலும், மோட்டரையும் குசினியையும் நீலத்திலும் போட்டார். ஓர் அறையின் சுவிச் எல்லாம் ஒரே பேஸில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். இரண்டு பேஸுக்கு இடையில் 400 வோல்ற். த்ரீ பேஸில் நியூட்ரல் இளகினால் சில பொயின்ருக்கு 230 ஐ விட எவ்வளவோ கூட ஏறி டிவி, பிரிட்ஜ் எல்லாம் எரியும். எங்கள் பழைய போர்ட்டில் இளகி நின்றதும் நியூட்ரல்தான். அதனால் நியூட்ரல் திருகாணிகளை அவர் இறுக்கிய பிறகு என்னையும் இறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

ஒரு கடையில் வாங்கின பிரேக்கர் நாலு திரும்பப் போக வேண்டி வந்தது. கையில் எடுத்தால் பாரமே இல்லை, அம்பியர் எழுத்து நகத்தால் சுரண்ட உரிந்தது. கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. வேறு கடையில், பெட்டியும் பில்லும் பார்த்து வாங்கினேன்.

லைன் இழுத்து மீற்றர் மாற்ற வந்தவர்கள் ஒரு காலை நேரத்துக்குள் முடித்துவிட்டுப் போனார்கள்.

நேற்று நல்ல மழை. மாஸ்டர் அந்தப் பக்கம் போனவர் மீற்றரோடு உள்ளே வந்து அளந்தார். 11 ஓம். நான் மார்க்கரை எடுத்துப் போர்ட் கதவின் உட்பக்கத்தில் 11 என்று எழுதப் போனேன். மாஸ்டர் அதை வாங்கி, "ஆவணி - 28" என்று எழுதினார். அடுத்த ஆவணியில் மழைக்கு முன்னம் திரும்ப அளக்க வருவதாகச் சொல்லி, அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.