கன்னாவில் ஒரு கோதுமைக் காலம்

பஞ்சாபின் லூதியானாவிலிருந்து கன்னாவுக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏப்ரல் மாதம் என்பதால் ஜி.டி. ரோடு எனும் கிராண்ட் டிரங்க் நெடுஞ்சாலை நெடுகக் கோதுமை ஏற்றிய டிராக்டர்கள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் பெருமைப்படும் தானிய மண்டியில், பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆளுயரக் குவியல்களை அள்ளிச் சாக்குகளில் நிரப்பித் தைத்துக்கொண்டிருந்தார்கள். தூசி தொண்டையை அறுத்தது.

மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிப் படிப்பவர்களுக்குக் கன்னா மறக்க முடியாத பெயர். 1950களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரைகள் கொடுத்தார்கள். மக்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால், மாத்திரை கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் பிறப்பு விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

ஏன் என்பதற்கு எனக்குத் தெளிவு தந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸ். இந்திய, பாகிஸ்தான் மக்கள்தொகை பற்றி 1951இலேயே பெரிய நூல் எழுதியவர். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்கள், பெற்றோர் விரும்பும் எண்ணிக்கையில் பிள்ளை பெறத்தான் உதவும். அந்த விருப்பத்தையே உருவாக்கும் குடும்ப அமைப்பையும் பெண்களின் நிலையையும் அவை தொடுவதில்லை என்று 1967இல் 'சயின்ஸ்' இதழில் வாதிட்டார்.

கன்னாவை அடுத்த மானுப்பூருக்குப் பின்னாளில் போன உகாண்டா ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி, ஒரு வீட்டு மூலையில் அந்த மாத்திரைப் பெட்டிகள் சிற்பம்போல அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டார். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று வாங்கி வைத்தவை அவை. களை எடுக்க, மாட்டுக்குத் தீவனம் வெட்ட, முதுமையில் சோறு போடப் பிள்ளைகள் வேண்டியிருந்த காலம் அது. அந்த ஊர் மக்களை விவரம் தெரியாதவர்கள் என்று எழுதியவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

மானுப்பூருக்கு ஆட்டோவில் போனேன். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர், "உட்கார் பேட்டா" என்று லஸ்ஸி வரவழைத்தார். கூடப் பிறந்தவர்கள் ஏழு பேராம். அவருக்கு ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். "இப்போது அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. இன்னொரு பிள்ளை இருந்திருந்தால் அவனையும் படிக்க வைத்து விமானம் ஏற்றக் காசுக்கு எங்கே போவேன்?" என்றார்.

பஞ்சாபில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.6. டேவிஸ் சொன்ன விருப்பம்தான் இங்கே மாறியிருக்கிறது.