ஐஎஸ்ஓ 9001 வாங்கியாச்சு, பலன் எங்க இருக்கு?

ஐஎஸ்ஓ 9001 (கம்பெனியோட தர மேலாண்மைக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு) சர்டிபிகேட் இருந்தா டெண்டர்ல கலந்துக்கலாம், லெட்டர்ஹெட்ல போட்டுக்கலாம்னு மட்டும் நினைக்கிறவங்கள பாத்தா நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா அதுக்குள்ள இருக்குற நல்ல விஷயத்த அவங்க தொடவே இல்ல. என்னைக் கேட்டா மொத்த ஸ்டாண்டர்டுலயும் தங்கம்னா அது 10.2-ங்கிற பிரிவு தான், அதாவது ஒரு தப்பு நடந்தா அத சரி பண்ணிட்டு அப்படியே விட்டுடாம ஏன் நடந்துச்சுன்னு காரணத்த தோண்டி, அதே தப்பு வேற எங்கயாவது நடக்க வாய்ப்பிருக்கான்னு பாத்து, எடுத்த நடவடிக்கை பலிச்சுதான்னு திரும்பவும் செக் பண்ணணும். இத ஒழுங்கா செஞ்சா ரீவொர்க் குறையும், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் குறையும், "யார் பண்ணது"ன்னு ஆள் தேடுற பழக்கமும் மெல்ல போயிடும், எனக்கு இதுதான் ரொம்ப பெரிய பலனா தெரியுது.

ஃபைல் ஃபைலா பேப்பர் சேக்கணுமேன்னு பயப்படாதீங்க (ஸ்டாண்டர்டோட 2015 பதிப்புல குவாலிட்டி மேனுவல்ங்கிற தனி கையேடே கட்டாயம் இல்லங்க). கன்சல்டன்ட் எழுதிக் குடுத்த ப்ரொசீஜர அப்படியே வெச்சுக்காம, மெஷின்ல நிக்கிறவங்கள உக்கார வெச்சு அவங்க வேலைய அவங்களையே சொல்லச் சொல்லி எழுதுங்க, பாதி பிரச்சினை அங்கயே வெளிய வந்துடும்.

சர்டிபிகேட் 3 வருஷத்துக்கு, நடுவுல வருஷா வருஷம் சர்வைலன்ஸ் ஆடிட் (சர்டிபிகேட் குடுத்தவங்க வந்து பண்ற சோதனை) வேற இருக்கு. ஆடிட்டர் வர்றதுக்கு முந்தின வாரம் உக்காந்து ரெக்கார்ட் எழுதுறத விட்டுட்டு இன்டர்னல் ஆடிட்ட (நம்ம வேலைய நாமளே செக் பண்றத) நேர்மையா நடத்துங்க, இதெல்லாம் எப்படிப் போகுதுன்னு நிர்வாகம் பாக்குற மேனேஜ்மென்ட் ரிவ்யூல முதலாளியும் நேர்ல வந்து உக்காரட்டும்.