அன்னாசிக் காப்ளர், மேலே செடார்: அடிமாவு ஒருவழியாக வெந்தது

இந்த ஞாயிற்றுக்கிழமை அடிமாவு வெந்துவிட்டது. காப்ளர் என்பது பழத்தின் மேல் மாவு உருண்டைகளை வைத்து அடுப்புக்குள் சுடும் பலகாரம். அடிமாவு என்று நான் சொல்வது அந்த மேல் மாவின் அடிப்பக்கத்தை. காப்ளர் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். மேலே பொன்னிறமாகச் சிவந்திருக்கும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், கரண்டியை விட்டுத் தூக்கினால் அடியில் மட்டும் வேகாத கொழுக்கட்டை மாவு மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வரும். பல வாரங்களாக இதே கதைதான். இந்தத் தடவை மேல் மாவில் ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தேன். உச்சி முதல் அடி வரை உதிர் உதிராக, அடுக்கு அடுக்காக வெந்திருந்தது. பழச்சாறு தொட்ட இடத்தில் மட்டும் மெல்லிய ஈரக்கோடு. அந்த ஈரம் இருந்தால்தான் அது காப்ளர்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் மாவுக்கு 200 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, 80 கிராம் வெண்ணெய், 120 கிராம் சீஸ், 140 மில்லி கெட்டி மோர், கொரகொரப்பாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. கீழே 700 கிராம் அன்னாசி, 60 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒன்றரை மேசைக்கரண்டி மரவள்ளி மாவு. இனிப்பும் புளிப்பும் கீழே, உப்பும் உறைப்பும் மேலே. இரண்டும் வாயில்தான் சேர வேண்டும்.

பழத்தோடு சீஸா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். சீனப் புத்தாண்டு நெருங்கினால் அன்னாசிப் பலகாரத்தையே சீஸ் மாவில் செய்து டப்பா டப்பாவாக விற்கிறார்கள். நம் வீடுகளில் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடாதவர் யார்? அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையை, அதாவது மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் பலகாரத்தை, தன் மாநிலப் பையாக அறிவித்தபோது, அதோடு குளிர்ந்த பாலோ வெனிலா ஐஸ்கிரீமோ, இல்லையென்றால் குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸ் துண்டோ வைத்துப் பரிமாற முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். என் கணக்கில் ஒரு ஆளுக்கு 20 கிராம் வருகிறது, தாராளம்தான்.

சரி, அடிமாவு விஷயத்துக்கு வருகிறேன். அன்னாசியில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். பச்சைப் பழத்தை வெட்டிப் போட்டு, மேலே மாவை வைத்து அடுப்புக்குள் தள்ளினால், பழம் சூடேறிச் சாறு விட்டுக் கொதிக்கவே பாதி நேரம் போய்விடும். அதுவரை மாவின் அடிப்பக்கம் குளிர்ந்த சாற்றில் ஊறிக்கொண்டிருக்கும். மேலே இருப்பது வெறும் மாவாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் விட்டுப் பிடிக்கலாம். சீஸ் சேர்ந்த மாவு பொறுக்காது, சட்டென்று சிவந்து கருக ஆரம்பித்துவிடும். மேலே பார்த்து இறக்கினால் அடி பச்சை, அடியைப் பார்த்து விட்டுவைத்தால் மேலே கரி.

இதற்கு வழி பக்கத்து வீட்டு மக்சிக்கிடமிருந்து, அதாவது மலாய் அத்தையிடமிருந்து, கிடைத்தது. அவர் வீட்டு விசேஷங்களில் நாசி மின்யாக் என்ற நெய்ச்சோற்றுடன் அன்னாசி பச்ரி வைப்பார். நம் பச்சடிக்குச் சொந்தக்காரப் பதார்த்தம், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் போட்டது. நான் வாசலில் நின்று புலம்பியதைக் கேட்டுவிட்டு, அன்னாசியை முதலில் தனியாக வேகவிட வேண்டும், அது தன் தண்ணீரை விட்டு முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். பச்ரிக்கு அவர் அப்படித்தான் செய்கிறார். காப்ளருக்கும் அதுதான் சரி.

இப்போது நான் செய்வது இப்படி. அன்னாசி, சர்க்கரை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அகலமான வாணலியில் போட்டு, சாறு பாதியாக வற்றும் வரை கொதிக்கவிடுகிறேன். மரவள்ளி மாவைத் துளி தண்ணீரில் கரைத்துக் கடைசியில்தான் ஊற்றுகிறேன். புளிப்போடு நீண்ட நேரம் கொதித்தால் எந்த மாவுச்சத்தும் பலமிழந்து நீர்த்துவிடும். கொதிக்கக் கொதிக்கத் தட்டில் கொட்டி 200 டிகிரி அடுப்பில் வைத்து, ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் குமிழ் வரும் வரை காத்திருக்கிறேன். நடுவில் குமிழ் வராமல் மேல் மாவைத் தொடுவதில்லை. கொதிக்கும் பழத்தின் மேல் குளிர்ந்த மாவு விழுந்த அந்த நொடியே அடி வேகத் தொடங்கிவிடுகிறது. மாவு உருண்டைகளுக்கு இடையே ஒரு விரல் இடம் விட்டால் ஆவி போக வழி கிடைக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பச்சை அன்னாசியில் புரதத்தை அரிக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பச்சைச் சாற்றைப் பாலில் கலந்து சற்று நேரம் வைத்துப் பாருங்கள், கசக்கும். மோரும் சீஸும் சேர்ந்த மாவு அந்தச் சாற்றில் உட்காருவது நல்லதல்ல. கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லாததற்கும் காரணம் அதுதான், டின்னில் அடைக்கும்போதே சூடுபடுத்திவிடுகிறார்கள். ஆனால் டின் பழத்தில் அந்தக் காரமான மணம் கிடைக்காது. எனக்கு அது வேண்டும்.

வெந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதை அறவே விட்டுவிட்டேன். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானிதான் இப்போது என் நீதிபதி. நடு உருண்டையில் சாய்வாகக் குத்தி, முனையை அடிமாவில் நிறுத்த வேண்டும், பழத்தைத் தொட்டால் தப்பான எண் காட்டும். 95 டிகிரி வந்தால் இறக்கலாம். மேலே அழகாகச் சிவந்திருக்கும்போது உள்ளே 80தான் காட்டும் என்று பார்த்த நாளிலிருந்து நிறத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அடுப்புக்குள் தொங்கவிடும் வெப்பமானியும் அவசியம். மேசை அடுப்பின் திருகு 200 என்று சொன்னால் அது அதன் ஆசை. என் அடுப்பில் 25 நிமிடம் சூடேறிய பிறகுதான் உண்மையான 200 வருகிறது. தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, முதல் 15 நிமிடம் சூடேற்றும் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும், அப்புறம் கீழ்க் கம்பி மட்டும், 180இல். அந்த மாற்றம்தான் சீஸைக் கருகாமல் காப்பாற்றுகிறது.

சீஸைத் துருவக்கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். துருவினால் மாவோடு மாவாக உருகி எண்ணெய் விட்டு, எல்லாமே ஒரே மாதிரி கனமாகிவிடும். சுண்டல் கடலை அளவுக்குச் சதுரமாக வெட்டி, பதினைந்து நிமிடம் உறையவைத்துச் சேர்த்தால், வெந்த பிறகு அங்கங்கே உப்பான சின்னச் சின்னக் குழிகள் கிடைக்கும். கடித்தால் ஒரு இடத்தில் மிளகு, ஒரு இடத்தில் சீஸ். துருவிப் பாக்கெட்டில் வருவதை வாங்கவே வேண்டாம், ஒட்டாமலிருக்க மேலே மாவுச்சத்து பூசியிருப்பார்கள். முதிர்ந்த செடாரில் மணம் அதிகம், ஆனால் சூட்டில் எண்ணெய் பிரியும். அமுல் சீஸில் குழைத்துச் சேர்க்கும் உப்புகள் இருப்பதால் எண்ணெய் பிரியாது, மணம்தான் சற்றுக் குறைவு. எனவே 90 கிராம் முதிர்ந்த செடார், 30 கிராம் அமுல். இந்தக் கலப்பை இனி மாற்றுவதாக இல்லை.

வெண்ணெயைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை 31 டிகிரி, வெண்ணெய் 32 முதல் 35க்குள் முழுதாக உருகிவிடும். விரலால் பிசைவது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சரி. நான் உறைந்த கட்டியைப் பெரிய துளையில் துருவி, மைதாவில் புரட்டி, கிண்ணத்தோடு மறுபடியும் உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். பழத்தின் நடுவில் குமிழ் வந்த பிறகுதான் அதை வெளியே எடுத்து, மோர் ஊற்றி, முள்கரண்டியால் பத்துச் சுற்று. மாவு திட்டுத்திட்டாக இருக்கும், அப்படியே அள்ளிப் போடலாம்.

பழம் எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். நான் வாங்குவது ஈசூன் ஈரச்சந்தையில் ஒரு சீன அங்கிளிடம். அவர் தோலைச் சீவிவிட்டு, கண்கள் சாய்வரிசையில் ஓடுவதைப் பார்த்து அதே சாய்வில் கத்தியை இருபுறமும் இறக்குவார். முழுப் பழத்தைச் சுற்றித் திருகுபோலப் பள்ளம் விழும், சதை துளிகூட வீணாகாது. உப்புத்தண்ணீரில் முக்கித் தருவார். காப்ளருக்கு மோரிஸ் ரகம் கேளுங்கள், புளிப்பும் நாரும் உண்டு, கொதித்தாலும் துண்டு குலையாது. எம்டி2 ரகம் பச்சையாகச் சாப்பிட அருமை, ஆனால் புளிப்புக் குறைவு. சீஸுக்கு எதிரே நிற்க அதற்குத் தெம்பில்லை. ஈசூன் என்ற பெயருக்குக் காரணமான லிம் நீ சூன், ரப்பரோடு அன்னாசியும் பயிரிட்டு, டின்னில் அடைத்து விற்று, அன்னாசி மன்னர் என்றே பெயர் வாங்கியவர். அவர் பெயர் கொண்ட ஊரில் இருந்துகொண்டு ஆப்பிளில் காப்ளர் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் கட்டுக்கட்டாக விற்கும் அலுமினியத் தட்டுகளில் அன்னாசியை வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரித்து இரும்பைக் கடித்த சுவை வந்துவிடும். கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறுகிறது. என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய எனாமல் தட்டு, நீல விளிம்பு போட்டது. சூடு சட்டென்று ஏறும், புளிப்பு ஒன்றும் செய்யாது. இதே ஆழத்தில் இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன். சமையல் பாத்திரக் கடைகளில் தட்டையானதுதான் கிடைக்கிறது, குறைந்தது இரண்டு அங்குல ஆழம் வேண்டும்.

ஞாயிறன்று இறக்கி அரைமணி ஆறவிட்டேன். சூட்டோடு எடுத்தால் சாறு ஓடும், ஆறினால்தான் மரவள்ளி மாவு பிடித்துக்கொள்ளும். அண்ணி முதல் கரண்டியிலேயே, “மிளகு பத்தலையே, பச்சை மிளகாயையும் பொடிசா நறுக்கிப் போடக்கூடாதா?” என்று கேட்டார். நல்ல யோசனை. கறிவேப்பிலையையும் வெண்ணெயில் பொரித்து நொறுக்கிச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. மக்சிக் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். சீஸுக்கு ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் அவருடைய பச்ரி இருந்தது, அதன் மசாலா விகிதத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மேல் மாவை உருண்டையாக உறையவைத்து, வேண்டும்போது எடுத்துக் கொதிக்கும் பழத்தில் நேராகப் போட முடியுமா என்று பார்க்க ஆறு உருண்டைகள் உறைபெட்டியில் இருக்கின்றன. சனிக்கிழமை சுட்டுப் பார்ப்பேன். வேக ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும் என்பது என் கணிப்பு. அது சரிவந்தால் ஏப்ரலில் தேக்கா சந்தைக்குப் பங்கனப்பள்ளி வந்ததும் மாம்பழக் காப்ளர். மாம்பழத்துக்குப் புளிப்பு போதாது, எலுமிச்சை பிழிய வேண்டும், செடாரைக் குறைத்து அமுலைக் கூட்ட வேண்டும். கால்வாசி பச்சை மாங்காயைக் கலந்தால் எலுமிச்சையே தேவைப்படாது என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது.