ஓடெட்டுக்குப் பிறகு பாஸ்கோ: போஹோல் குறிப்புகள்

டிசம்பர் 16, 2021, வியாழன்

இங்கே பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில், பாஸ்கோவுக்கு (கிறிஸ்துமஸுக்கு இங்கே அந்தப் பேர்) முந்தைய விடியல் பூசையான மிசா தே காய்யோ இன்று தொடங்கியது. மணிலா பக்கம் இதையே சிம்பாங் காபி என்பார்கள். இன்றிலிருந்து 24 வரை ஒன்பது நாள், விடியற்காலை நான்கு மணிக்குப் பூசை. வயலுக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்பே கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஸ்பானியர் காலத்தில் ஏற்பட்ட வழக்கம். மார்கழி ஒன்றும் இன்றுதான். ஊரில் இந்நேரம் பெருமாள் கோயிலில் தொன்னையோடு நிற்பார்கள். இங்கே சர்ச் வாசலில் புத்தோ மாயா விற்கிறார்கள். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து அவித்தது. கூடவே சிக்வாத்தே என்ற கெட்டிக் கொக்கோ.

ரேடியோவில் ஓடெட் புயல் பேச்சுதான். மதியம் சியார்காவோ தீவில் கரையேறும் என்கிறார்கள். எங்களுக்கு இருட்டும் நேரம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட வேண்டும்.

டிசம்பர் 18, சனி

ஃபோன் செத்துவிட்டது. மச்சினி மகளின் பள்ளி நோட்டில் எழுதுகிறேன். சிக்னல் வந்தால் ஏற்றுவேன்.

வியாழன் மாலை ஆறரை வாக்கில் எதிரே உள்ள கார்லோஸ் கார்சியா தீவில் கரையேறி, எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போனது. அந்த இரவைப் பற்றி இப்போது எழுத மனமில்லை. சமையலறைச் சுவரும் குளியலறையும் நின்றன. எட்டுப் பேர் குளியலறையில் இருந்தோம். தகரம் முழுக்கப் போய்விட்டது. கடையின் முன்பாதி இல்லை. கடன் நோட்டு கூழாகிவிட்டது.

வெளியே வந்து பார்த்தபோது மலைச்சரிவில் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. தென்னங்கள் இறக்குகிறவர் (இங்கே அதற்கு டூபா என்று பேர்) தன் மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். புதுக்கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு இப்போதே அறுபது இருக்கும்.

டிசம்பர் 19, ஞாயிறு

ஒன்பது பூசையும் தவறாமல் கண்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளிக்கிழமை பூசை நடக்கவில்லை. கிணற்றடியில் கிழவிகளுக்குள் பெரிய வழக்கு. கணக்கு அறுந்துவிட்டது என்று ஒரு கட்சி. சாமியாரே வராத நாளை நம் கணக்கில் எப்படி எழுதுவது என்று இன்னொரு கட்சி. என் மாமியார், நாங்கள் நானாய் என்று கூப்பிடுவோம், இரண்டாவது கட்சியின் தலைவி. கடைசியில் சாமியாரிடமே கேட்டார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்பதும் சேரும் என்று சொல்லிவிட்டு அவர் ஓடு பொறுக்கப் போய்விட்டார். இப்போது பூசை கூரையில்லாத சர்ச்சில், நட்சத்திரத்துக்குக் கீழே.

டிசம்பர் 21, செவ்வாய்

பணம் இருக்கிறது, ஆனால் இல்லை. ரியாத்தில் நர்ஸாக இருக்கும் மச்சினி அனுப்பிய பணம் எங்கேயோ கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அடகுக் கடைகளில்தான் இங்கே வெளிநாட்டுப் பணம் வாங்குவோம். லைன் இல்லாமல் எல்லாம் பூட்டு. இந்த நாட்டில் 1975 சட்டப்படி எல்லாத் தொழிலாளிக்கும் டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஊரில் பலருக்கு அது ஏடிஎம்முக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

குடிதண்ணீரும் அப்படித்தான். நீலக் கேனில் தண்ணீர் நிரப்பித் தரும் கடைகளுக்குக் கரண்ட் வேண்டும். போஹோலுக்குக் கரண்ட் பெரும்பாலும் லெய்ட்டே தீவிலிருந்து கடலடிக் கம்பியில் வருகிறது. 2013 அக்டோபரில் இங்கே நிலநடுக்கம். அடுத்த மாதம் யோலாண்டா புயல் லெய்ட்டேயை அடித்தபோது இங்கேயும் இருட்டு. அதைப் பார்த்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. நானாய்க்கு வருவதில்லை.

கடையில் மிச்சமிருந்த மத்தி டின், நூடுல்ஸ், மெழுகுவர்த்தி எல்லாம் கடனுக்குப் போகின்றன. கடை மனைவி பேரில்தான், ஆனாலும் ஊருக்கு நான் 'பும்பாய்'. இந்தியன் என்றால் வட்டிக்கு விடுகிறவன் என்பது இங்கே பழைய எண்ணம். 'ஐந்து-ஆறு' என்பார்கள்: ஐந்து வாங்கினால் ஆறு திருப்ப வேண்டும். அடம்பிடிக்கிற பிள்ளையை 'பும்பாய் பிடித்துப் போவான்' என்று மிரட்டுவார்கள். இன்று ஒரு பையன் மிரளாமல் வந்து ஒரு மெழுகுவர்த்தி கடன் கேட்டான். வட்டி உண்டா என்றும் கேட்டுக்கொண்டான்.

டிசம்பர் 22, புதன்

அதிபர் டூத்தெர்தே ஆறு பிராந்தியங்களுக்குப் பேரிடர் நிலை அறிவித்துவிட்டார் என்று பேட்டரி ரேடியோ சொன்னது. அப்படி அறிவித்தால் அரிசி, டின் மீன் போன்றவற்றின் விலையை ஏற்றக்கூடாது. சரி. தகரமும் ஆணியும் அந்தக் கணக்கில் வரவில்லை போல. நேற்றும் இன்றும் வெவ்வேறு விலை.

பிலிப்பினோக்கள் எதையும் தாங்கும் மக்கள் என்று ரேடியோவில் ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தார். நானாய் சத்தத்தைக் குறைத்தார். "இப்படிப் பேசுகிறவர் வீட்டில் கூரை இருக்கும், டோங்." (டோங் என்றால் தம்பி மாதிரி.)

எங்களுக்கும் இப்போது ஒரு கூரை உண்டு. அடுத்த மே மாதம் தேர்தல். அதனால் தெருவெல்லாம் வேட்பாளர்கள் பாஸ்கோ வாழ்த்து சொல்லும் ஃப்ளெக்ஸ் பேனர்கள். விழுந்தவற்றை ஆளுக்கொன்றாக எடுத்துக் கட்டியிருக்கிறோம். ராத்திரி மல்லாந்து படுத்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முகம் சிரிக்கிறது. மூன்று வருஷத்தில் அவர் எங்களுக்குச் செய்த முதல் உதவி.

டிசம்பர் 23, வியாழன்

நான்தான் சொன்னேன், இந்த வருஷம் பாஸ்கோ வேண்டாமே என்று. நம் பக்கம் துக்கம் விழுந்த வீட்டில் தீபாவளி கிடையாது. யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்துக் கிராமங்களில் சாவு விழுந்திருக்கிறது என்கிறார்கள். நானாய்க்கு நான் சொன்னது புரியவே இல்லை. அவருக்கு ஞானப்பிள்ளைகள், அதாவது ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற பிள்ளைகள், இருபதுக்கு மேல். 25-ஆம் தேதி அவர்கள் இவர் கையைத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வருவார்கள், ஏதாவது கொடுக்க வேண்டும். சமையல்காரன் வராததால் கல்யாணத்தை ரத்து செய்வாயா என்று கேட்டார்.

பன்றி விஷயத்தில்தான் சண்டை. பேத்தியின் படிப்புக்காக விற்க வளர்த்தது. வியாபாரி பாதி விலைதான் சொன்னான். ஐஸ் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, எல்லா வீட்டிலும் விற்கிறார்கள், அவன் என்ன செய்வான். மனைவி கிடைத்ததை வாங்கலாம் என்றாள். நானாய் மறுத்துவிட்டார். அறுத்தால் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள முடியாது என்றேன். "வைத்துக்கொள்ளப் போவதாக யார் சொன்னது?"

டிசம்பர் 25, சனி

நள்ளிரவுப் பூசை முடிந்து நோச்சே புவேனா, அதாவது கிறிஸ்துமஸ் இரவு விருந்து. வழக்கமாக இனிப்பு ஸ்பாகெட்டி, பழ சாலட், சீஸ் உருண்டை எல்லாம் இருக்கும். இந்த முறை ஊர் முழுக்க ஒரே பதார்த்தம்: விழுந்த தென்னைகளின் குருத்து. வதக்கியது, சுருட்டியது, பன்றிக்கொழுப்போடு வேகவைத்தது. ருசி அபாரம். ஒரு குருத்துக்கு ஒரு மரம் போயிருக்கிறது என்று நினைத்தால்தான் இறங்கவில்லை. டூபாக்காரர் தன் மரத்துக் குருத்தைத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். இனிமேல் டூபா கிடையாது, குடித்துக்கொள்ளுங்கள் என்று கடைசிக் குடத்தையும் வைத்தார்.

கறி வாழையிலையில் பொட்டலமாகப் பதினாறு வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டிலிருந்து எங்களுக்கு வந்ததும் பன்றிக்கறிதான். அவர்களாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

காலையில் ஞானப்பிள்ளைகள். பாஸ்கோ அன்று காசில்லாத ஞானத்தகப்பன்மார் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிவது இந்த நாட்டின் நிரந்தரப் பகடி. இந்த வருஷம் கதவே இல்லை. என் சகலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, பிள்ளைகள் சுற்றி வளைத்து, ஆளுக்கொரு நிவாரண நூடுல்ஸ் பாக்கெட் கொடுத்துத் தப்பித்தார். அதில் ஒரு பெண், இது நேற்று எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் வாங்கிப் போனதுதானே என்றாள்.

நான் கடையில் மிச்சமிருந்த மிட்டாயைக் கொடுத்தேன்.

டிசம்பர் 29, புதன்

நகராட்சிக் கட்டிடத்தில் ஜெனரேட்டர். ஃபோன் சார்ஜுக்கு வரிசை நின்று இதையெல்லாம் தட்டுகிறேன். சிக்னல் ஒரு கோடு. கரண்ட் எப்போது என்று யாருக்கும் தெரியாது. செயின்சா வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் வேலை கொட்டுகிறது. விழுந்த தென்னையைப் பலகையாக அறுத்து வீடு கட்டுகிறார்கள்.

கூழான கடன் நோட்டுக்குப் பதில் புதிது போட்டோம். பலர் தாங்களே வந்து தொகை சொன்னார்கள். சிலர் குறைத்துச் சொன்னார்கள். நானாய்க்கு எல்லாம் மனப்பாடம், நாலு வருஷத்துக் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் திருத்தினார், பெசோ பிசகாமல். டூபாக்காரர் முறை வந்தபோது மட்டும் எனக்கு நினைவிருந்ததில் பாதியைச் சொன்னார். போன ஜூனில் அரிசி மூட்டை வாங்கினாரே என்றேன்.

"நீ அன்றைக்குக் கடையில் இல்லை, டோங்" என்றார்.

இருந்தேன். எழுதிக்கொண்டேன்.