விளக்கு அணைந்தும் மின்சாரம் நிற்காத பழைய அடுப்பு

சமையலறையைப் புதுப்பிக்கும் வேலையில் முதலில் வெளியேற்ற வேண்டியிருந்தது, பிளக் இல்லாமல் நேரடியாக ஒயர் இணைத்திருந்த பழைய மின் அடுப்பைத்தான். எல்லாத் தட்டுகளும் ஓவனும் ஒருசேர எரிந்தால் அது 7 கிலோவாட் இழுக்கும், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 30 ஆம்பியர். அதற்கென்றே மெயின் போர்டில் 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்சு) ஒன்றும், சுவரில் சிவப்பு விளக்கு வைத்த பெரிய சுவிட்சு ஒன்றும் இருந்தன. இதில் கைவைக்கும் தகுதி எனக்கில்லை என்பதால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் வருமுன்பே சுவர் சுவிட்சை நான் அணைத்திருந்தேன், விளக்கும் அணைந்திருந்தது. "இனி நீங்கள் கழற்றலாம்" என்று சொன்னபோது, "மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொட மாட்டேன் சார்" என்று அவர் மறுத்துவிட்டார். எம்.சி.பி.யை அணைத்து, அடுப்பை மெதுவாக முன்னால் இழுத்து, பின்புற மூடியைத் திறந்தார். புதிய அடுப்புக்கும் அதே சுவிட்சு பயன்படுமா என்று அறிய வேண்டியிருந்ததால், யாரும் அருகில் வராதபடி விலக்கி நிறுத்திவிட்டு, சுவர் சுவிட்சு அணைந்த நிலையிலேயே எம்.சி.பி.யை மட்டும் மீண்டும் போட்டார். மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்பதை முதலில் மின்சாரம் உள்ள வேறொரு சாக்கெட்டில் சோதித்துக்கொண்டு, பிறகு அடுப்பின் டெர்மினலில் வைத்தார். மின்சாரம் வரும் ஒயரான பேஸுக்கும் அது திரும்பிச் செல்லும் ஒயரான நியூட்ரலுக்கும் இடையே ஒன்றுமே காட்டவில்லை. நானாக இருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். அவர் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தபோது 230 வோல்ட் காட்டியது.

சுவிட்சு அணைந்ததும் பேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கப்பட வேண்டும். எங்கள் சுவிட்சில் நியூட்ரல் மட்டுமே துண்டிக்கப்பட்டு, பேஸ் அடுப்புவரை வந்துகொண்டிருந்தது. திரும்பிச் செல்லும் பாதை அறுந்துவிட்டதால் விளக்கு எரியவில்லை. ஆனால் அந்த டெர்மினலைத் தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கியிருக்கும். அந்த அணைந்த விளக்கை நம்பி இத்தனை ஆண்டுகள் அடுப்பைத் துடைத்து வந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

அதன்பின் எம்.சி.பி.யை அணைத்து, வேறு யாரும் தவறிப் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டார். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்று ஜோடியிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்து, மீட்டரை அதே சாக்கெட்டில் மறுபடியும் சோதித்த பிறகே ஸ்க்ரூவில் கைவைத்தார். எர்த் ஒயரைக் கடைசியாகக் கழற்றினார். பல ஆண்டுச் சூட்டில் காய்ந்திருந்த ஒயரின் மேலுறை, வளைத்த இடத்தில் முட்டையோடுபோல உதிர்ந்தது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிக் கனெக்டர் போட்டு, சுவர்ப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

சுவர் சுவிட்சையும் அன்றே கழற்றினார். திறந்து பார்த்தபோது ஒரு பக்கத்துத் தொடுமுனைகள் கருகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியும் அவை பிரியவில்லை.